ஓட்டக்கார மகனின் இ.சி.ஜி.: எந்த வரிக்குப் பயப்பட வேண்டும்?

ஒரு தாயின் கடிதம். அவருடைய மகனுக்கு 19 வயது, 1,500 மீட்டர் ஓட்டக்காரர். ஐந்து ஆண்டுகளாக வாரத்துக்கு ஆறு நாள் பயிற்சி. உயர்நிலைப் பயிற்சி முகாமில் சேர்வதற்கான உடல் பரிசோதனையில் இ.சி.ஜி. எடுத்திருக்கிறார்கள். தாளின் மேல் மூலையில் ‘இயல்புக்கு மாறானது’ என்று இயந்திரமே அச்சடித்துவிட்டது. அதன் கீழே நான்கு வரிகள்: நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 44; பி.ஆர். இடைவெளி 220 மில்லி செகண்ட், முதல் நிலை மின்தடை; இடது கீழறைத் தசை பெருத்திருக்கலாம்; பக்கவாட்டு டி அலைகளில் மாற்றம்.

வீடு கலங்கிப்போயிருக்கிறது. “நாடி 44 என்றால் பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும்” என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். “ஓடுகிற பிள்ளைகளுக்கு எல்லாம் இப்படித்தான் இருக்கும், விடுங்கள்” என்பது பயிற்சியாளரின் பேச்சு. வேறு இடத்தில் இன்னொரு இ.சி.ஜி. எடுத்து, நல்லதாக வந்தால் அதைக் கொடுத்துவிடலாம் என்று மற்றொருவர் யோசனை சொல்லியிருக்கிறார். பிறகு எக்கோ, அதாவது ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை, எடுத்ததில் இதயத் தசையின் தடிமன் 12 மி.மீ., ‘விளையாட்டு வீரரின் இதயம், இயல்பு’ என்று அறிக்கை வந்திருக்கிறது. ஆறு வாரத்தில் முக்கியமான போட்டி. மகன் அம்மாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். கடிதத்தின் பின்குறிப்பில் ஒரு செய்தி: “என் தம்பி 32 வயதில் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது விழுந்து இறந்தான். மாரடைப்பு என்றார்கள். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்காது என்று நினைக்கிறேன்.”

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இ.சி.ஜி. படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். படத்தை மட்டும் வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்து எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அந்தத் தாள் தெளிவாகவே சொல்கிறது. முதல் மூன்று வரிகளைப் பற்றி நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான்காவது வரிக்குக் கிடைத்தது அரை வாக்கியம். தம்பியின் மரணம் பின்குறிப்புக்குப் போய்விட்டது. என் கவலை நேர்மாறாக இருக்கிறது. உங்களைத் தூங்கவிடாத மூன்றும் பெரும்பாலும் பயிற்சியின் தடங்கள்தான். நீங்கள் கடந்துபோன இரண்டும்தான் என்னை நிறுத்திவைத்தன.

பயப்பட வேண்டாத மூன்று வரிகள்

முதலில் நாடி. நீண்ட காலம் பயிற்சி செய்தவரின் இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தை வெளியே தள்ளும். ஓய்வில் அது அடிக்கடி துடிக்கத் தேவையில்லை. மகனின் தாளில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறத்தாழ 34 சிறு கட்டங்கள் இருக்கின்றன. 44 என்ற கணக்கு சரிதான். விளையாட்டு வீரர்களின் இ.சி.ஜி.யைப் படிப்பதற்கு 2017-ல் வெளியான சர்வதேச அளவுகோல்களின்படி, எந்தத் தொந்தரவும் இல்லாத வீரருக்கு நிமிடத்துக்கு 30 வரை நாடி இறங்கியிருப்பது இயல்பே. 30-க்குக் கீழே போனால், அல்லது துடிப்புகளுக்கு இடையே மூன்று விநாடியோ அதற்கு மேலோ இடைவெளி விழுந்தால்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும். பேஸ்மேக்கர் பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

அடுத்து பி.ஆர். இடைவெளி. இதயத்தின் மேலறையில் கிளம்பும் மின்சாரம் கீழறைக்கு வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரம் இது. வழக்கமான வேகத்தில் நகரும் இ.சி.ஜி. தாளில் ஒரு சிறு கட்டம் 40 மில்லி செகண்ட். பொதுமக்களுக்கு 200, அதாவது ஐந்து கட்டம் வரை இயல்பு. உங்கள் மகனுக்கு ஐந்தரைக் கட்டம். ‘தடை’ என்ற சொல் பயமுறுத்துகிறது. உண்மையில் எதுவும் தடைபடவில்லை, சற்றுத் தாமதிக்கிறது, அவ்வளவுதான். ஓய்வில் இதயத்தை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பின் பிடி பயிற்சியால் வலுவாவதே இதற்கு முக்கியக் காரணம். டிரெட்மில்லில் ஓடவிட்டால் நாடி ஏறும், இந்த இடைவெளியும் சுருங்கும். வீரர்களிடம் 400 மில்லி செகண்டை எட்டாதவரை இதை நோய்க் குறியாக நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாவது, ‘கீழறை பெருத்திருக்கலாம்’. மார்பின் மேல் ஒட்டிய மின்முனைகளில் பதிவான அலைகள் உயரமாக இருப்பதைப் பார்த்து இயந்திரம் செய்த ஊகம் இது. ஒல்லியான இளைஞனின் மார்புச் சுவர் மெல்லியது. அலை உயரமாகத்தான் விழும். வேறு மாற்றம் எதுவும் கூட இல்லாமல் உயரம் மட்டும் அதிகமாக இருந்தால், பயிற்சி பெற்றவரிடம் அதை நோயாகக் கருதுவதில்லை. அச்சடித்த இயந்திரத்துக்குத் தன் முன்னால் படுத்திருப்பவர் ஐந்து ஆண்டுகளாக ஓடுகிறவர் என்பது தெரியாது.

ஆக, பயிற்சியாளர் சொன்னது மூன்று வரிகளுக்குப் பொருந்துகிறது. நான்காவதுக்குப் பொருந்தவில்லை.

நீங்கள் கடந்துபோன வரி

தாளின் வலது ஓரத்தில் வி5, வி6 என்று குறித்த இரண்டு வரிசைகளைப் பாருங்கள். கூர்மையாக மேலே ஏறி இறங்கும் கோட்டுக்குப் பின்னால், சற்று இடைவெளி விட்டு, ஒரு மென்மையான மேடு வர வேண்டும். அதுதான் டி அலை. தசை சுருங்கி முடித்து, அடுத்த துடிப்புக்குத் தன்னைத் தயார்செய்துகொள்வதன் பதிவு. உங்கள் மகனின் தாளில் அந்த இடத்தில் மேட்டுக்குப் பதில் பள்ளம் இருக்கிறது. சுமார் இரண்டு மி.மீ. ஆழம். வி4-ல் அலை தட்டையாகிக் கிடக்கிறது. முதலாம் லீட், ஏவிஎல் லீட் என்ற வரிசைகளிலும் ஆழமில்லாத பள்ளம்.

தலைகீழான டி அலைகள் எல்லாம் ஒன்றல்ல. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் வி1 முதல் வி3 வரை அது இயல்பாகவே காணப்படும். கறுப்பின வீரர்கள் சிலரிடம், அதற்கு முந்தைய கோடு குவிந்து உயர்ந்திருந்தால், வி1 முதல் வி4 வரை ஏற்கப்படுகிறது. ஆனால் வி5, வி6-ல் ஒரு மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமாகத் தலைகீழாக இருப்பதற்கு எந்த வயதிலும், எந்த இனத்திலும், எவ்வளவு கடுமையான பயிற்சியிலும் விலக்குக் கிடையாது. பயிற்சி நாடியைக் குறைக்கும், அலைகளை உயர்த்தும். பக்கவாட்டு டி அலையை அது புரட்டிப் போடாது.

பயிற்சி மருத்துவராக இருந்த நாட்களில் ‘விளையாட்டு வீரர்’ என்ற சொல்லைக் கேட்டதுமே நானும் நிம்மதியாகித் தாளை மடித்து வைத்திருக்கிறேன். அந்தச் சொல் எவ்வளவு ஆபத்தான தலையணை என்பது பிறகுதான் புரிந்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்தப் பள்ளத்துக்குப் பின்னால் முதலில் தேட வேண்டியது ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி. பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பு நோய். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இ.சி.ஜி.யில் ஏதாவது ஒரு மாற்றம் தெரியும். தலைகீழ் டி அலை அவற்றில் முக்கியமானது. தசை அழற்சி, வேறு சில தசை நோய்கள் ஆகியவையும் இதே பள்ளத்தை உண்டாக்கலாம். கடைசியில் எந்த நோயும் இல்லை என்று தெரியவரும் வீரர்களும் கணிசமாக இருக்கிறார்கள். மகனும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஆனால் அதைத் தேடிப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.

“நோய் இருந்தால் இவ்வளவு வேகமாக ஓட முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். காமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோ 2003 ஜூன் 26 அன்று லியோன் நகரில் ஒரு சர்வதேச அரையிறுதியில் ஆடிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்தார். வயது 28. அவர் இதயத்தில் இருந்தது இந்தத் தசைத் தடிப்பு நோய்தான். உலகத் தரத்தில் ஓடி ஆடும் உடலுக்குள் இந்த நோய் சத்தமில்லாமல் இருக்க முடியும். மகனுக்கு மார்புவலியோ மயக்கமோ வந்ததில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் அதைக் கொண்டு இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எக்கோ இயல்பு என்று வந்துவிட்டதே?

இதுதான் நீங்கள் ஊன்றி நிற்கும் தூண். அதை அசைப்பதற்கு மன்னியுங்கள்.

12 மி.மீ. என்ற அளவு தனியாக என்னைக் கலக்கவில்லை. முன்னணி வீரர்கள் 947 பேரை இத்தாலியில் அளந்து 1991-ல் வெளியிட்ட ஆய்வில் 13 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிமன் இருந்தவர்கள் 16 பேர் மட்டுமே. அவர்களில் அநேகமாக எல்லோரும் துடுப்புப் படகு வீரர்கள். 12 என்பது வீரர்களுக்கான மேல் எல்லையை ஒட்டிய எண். அந்த அறிக்கையில் வேறொரு எண்ணைத் தேடுங்கள்: இடது கீழறையின் உள் விட்டம். பயிற்சியால் வளர்ந்த இதயத்தில் சுவர் தடிக்கும்போது அறையும் அகலும். நோயில் பெரும்பாலும் சுவர் மட்டும் தடித்து, அறை சிறுத்தே இருக்கும். அந்த விட்டம் 55 மி.மீ.க்கு மேல் இருந்தால் எனக்குச் சற்று ஆறுதல். 45-க்குக் கீழே என்றால் கவலை கூடும்.

ஆனால் எக்கோவுக்கு ஒரு பலவீனம் உண்டு. இதயத்தின் நுனிப் பகுதியும் பக்கச் சுவரின் சில இடங்களும் விலா எலும்புக்கும் நுரையீரலுக்கும் பின்னால் மறைந்துகொள்ளும். நுனியில் மட்டும் தடிக்கும் வகை நோய் எக்கோவில் தப்பிவிடும் இடம் அதுதான். வி5, வி6-ல் டி அலையைக் கவிழ்ப்பதில் அந்த வகை பெயர்போனது. ஆகவே பக்கவாட்டில் டி அலை கவிழ்ந்திருக்கும் வீரருக்கு எக்கோ இயல்பாக இருந்தாலும் இதய எம்.ஆர்.ஐ. செய்ய வேண்டும். காடோலினியம் என்ற மருந்தைச் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் நுனி முழுதும் தெரியும். தசையில் வடு இருந்தால் அது வெள்ளையாக ஒளிரும்.

எம்.ஆர்.ஐ.யும் இயல்பு என்றால்? அப்போதும் கோப்பை மூடிவிடக் கூடாது. 12,550 விளையாட்டு வீரர்களின் பதிவுகளிலிருந்து, டி அலை ஆழமாகக் கவிழ்ந்தும் வெளிப்படையான நோய் எதுவும் தென்படாத 81 பேரைத் தனியே எடுத்து, சராசரியாக ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் இத்தாலிய ஆய்வு 2008-ல் வெளியானது. அவர்களில் ஐந்து பேருக்குப் பிறகு இதயத் தசை நோய் வெளிப்பட்டது. ஒருவர் 24 வயதில் திடீரென இறந்தார். இதே கணக்கை மறுபுறமிருந்தும் பாருங்கள், அம்மா: 76 பேருக்கு அந்தக் காலத்தில் இதயத் தசை நோய் எதுவும் வெளிப்படவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக்கொண்டு, விளையாட்டையும் தொடரும் வீரர்கள் இருக்கிறார்கள். சுவர் தடிக்கும் முன்பே மின்பதிவு மாறிவிடலாம் என்பதால்தான் அந்த ஆண்டுச் சோதனை.

உங்கள் தம்பியைப் பற்றி

ஓடும்போது விழுந்து இறந்த 32 வயது இளைஞருக்கு ‘மாரடைப்பு’ என்று சொல்லி, பிரேதப் பரிசோதனையும் இல்லாமல் விட்டிருக்கிறார்கள். அந்த வயதில் ரத்தக் குழாய் அடைப்பாலும் இறப்பு நேரலாம்தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் பரம்பரைத் தசை நோய்களும் மின்னோட்ட நோய்களும் எத்தனையோ முறை அடங்கிப்போயிருக்கின்றன.

தசைத் தடிப்பு நோய் பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. மகனுக்கும் உங்கள் தம்பிக்கும் நடுவில் நிற்பவர் நீங்கள். ஆகவே உங்களுக்கும் ஓர் இ.சி.ஜி., ஓர் எக்கோ தேவை. கடிதம் முழுக்க மகனுக்காகவே பயந்திருக்கிறீர்கள், உங்களை ஓர் இடத்திலும் நினைக்கவில்லை. மகனைப் பார்க்கும் மருத்துவரிடம் போய் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகத் தம்பியின் மரணத்தைச் சொல்லுங்கள். எக்கோ எடுத்தவரிடம் அதை யாரும் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. சொல்லியிருந்தால் ‘இயல்பு’ என்ற சொல் அவ்வளவு சுலபமாக விழுந்திருக்காது.

இன்னொரு இ.சி.ஜி. எடுக்கலாமா?

எடுக்கலாம், ஒரே ஒரு முறை, நேர்மையான காரணத்துக்காக. மின்முனைகளை இடம் மாற்றி ஒட்டினால் பதிவு பொய் சொல்லும். கை வயர்கள் இரண்டும் மாறிப்போனால் முதலாம் லீட் முழுவதும் தலைகீழாகும். ஆனால் அப்போது டி அலையோடு பி அலையும், அதாவது மேலறையின் மின்சாரம் முதலில் பதிக்கும் சிறு மேடும், கவிழ்ந்திருக்கும். உங்கள் மகனின் தாளில் பி அலை நிமிர்ந்தே நிற்கிறது. தவிர, கை வயர் மாறினால் வி5, வி6-ல் இப்படியொரு மாற்றம் வராது. எனவே இது ஒட்டிய பிழையாக எனக்குத் தெரியவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடி எடுப்பதில் தவறில்லை.

நல்ல தாள் கிடைக்கும்வரை இடம் மாற்றி மாற்றி எடுத்து, அதை மட்டும் முகாமில் கொடுப்பது வேறு விஷயம். டி அலைகள் நாளுக்கு நாள் சற்று மாறக்கூடியவை. ஒரு நாள் பள்ளம் ஆழம் குறைந்தும் வரலாம். அதனால் முதல் தாள் பொய்யாகிவிடாது. நீங்கள் மறைப்பது முகாம் அதிகாரிகளிடமிருந்து அல்ல. தடத்தில் மகன் சரிந்தால் ஓடி வரப்போகிற மருத்துவரிடமிருந்து. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

இந்த ஆறு வாரங்களில்

தீவிரப் பயிற்சியும் போட்டியும் இப்போது வேண்டாம். சோதனைகள் முடியும்வரை இது தற்காலிக நிறுத்தம். நடக்கலாம், அன்றாட வேலைகள் செய்யலாம். ஆறு வாரத்துக்குள் எல்லாம் முடிந்து, நல்ல பதில் வந்து, அவர் போட்டியில் ஓடவும் கூடும். நானாக வாக்குக் கொடுக்க முடியாது.

விளையாட்டு வீரர்களைப் பார்த்துப் பழகிய இதய மருத்துவர் ஒருவரைத் தேடுங்கள். எம்.ஆர்.ஐ. தவிர, டிரெட்மில் சோதனையும், உடலில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரம் எடுக்கும் ஹோல்டர் என்ற இ.சி.ஜி. பதிவும் வேண்டியிருக்கும். டிரெட்மில்லில் மகனுக்கு மூச்சு முட்டும்வரை ஓடவிட வேண்டும். பொதுவாக வைத்திருக்கும் நாடி இலக்கை எட்டியதும் நிறுத்தினால் ஓட்டக்காரருக்கு அது பாதிச் சோதனைதான். மூல இ.சி.ஜி. தாள், எக்கோ அறிக்கை, முடிந்தால் எக்கோ வீடியோ எல்லாவற்றுக்கும் பிரதி கேட்டு வாங்குங்கள். அவை உங்கள் மகனுடைய பதிவுகள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். சோதனைகள் எல்லாம் முடிந்தும் தெளிவு பிறக்காவிட்டால், சில மாதங்கள் பயிற்சியை நிறுத்தி மீண்டும் அளந்து பார்ப்போம். பயிற்சியால் தடித்த சுவர் அப்போது மெலியும்.

ஓடும்போதே மயங்கி விழுதல், ஓடும்போது மார்பில் அழுத்தம், காரணமில்லாத படபடப்பு, வலிப்பு போன்ற துடிப்பு: இவற்றில் எது வந்தாலும் அதே நாளில் மருத்துவமனை. இது இ.சி.ஜி. நன்றாக உள்ள பிள்ளைகளுக்கும் பொருந்தும். இங்கிலாந்தில் 1996 முதல் 2016 வரை 11,168 இளம் கால்பந்து வீரர்களைச் சோதித்து, பின்தொடர்ந்தார்கள். பின்னாளில் இதய நோயால் இறந்த எட்டு பேரில் ஆறு பேரின் சோதனை இயல்பாகவே இருந்திருந்தது. அதனால் மகன் பயிற்சி செய்யும் மைதானத்தில் ஏ.இ.டி. என்ற மின்அதிர்வுக் கருவி இருக்கிறதா, மார்பை அழுத்தி உயிர்காக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். இதை எல்லாப் பெற்றோரும் கேட்க வேண்டும்.

மகனிடம் பேசுவது

அவர் 19 வயது நிரம்பியவர். உடல் அவருடையது, முடிவும் அவருடையது. மருத்துவர் முதலில் அவரிடம்தான் பேச வேண்டும். விரும்பினால் நீங்கள் கூட உட்காரலாம். இதுவரை அவரைச் சுற்றி நின்று எல்லோரும் பேசியிருக்கிறார்கள், அவரோடு யாரும் பேசவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. அவர் கோபத்தின் பாதி அதுவாக இருக்கலாம்.

‘நோய் என்றால் ஓட்டம் முடிந்தது’ என்று அவர் நினைத்தால், அதுவும் பழைய கணக்கு. முன்பு இந்த நோய் தெரிந்ததும் போட்டி விளையாட்டை அடியோடு தடுத்துவிடுவோம். தசைத் தடிப்பு நோய்க்கான 2024-ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல், ஆபத்துகளை நிபுணரோடு அலசிப் பார்த்து முடிவெடுக்கும் வீரருக்குப் போட்டிக் கதவைத் திறந்தே வைக்கிறது. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். இத்தாலியக் கிளப் ஒன்றுக்கு ஆடிவந்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூனில் மைதானத்தில் இதயம் நின்று விழுந்தார். அங்கேயே மார்பை அழுத்தி, மின்அதிர்வு கொடுத்துக் காப்பாற்றினார்கள். உடலுக்குள் மின்அதிர்வுக் கருவி பொருத்தப்பட்ட பிறகு இத்தாலியின் விதிகள் அவரை அங்கே ஆட அனுமதிக்கவில்லை. 2022-ல் இங்கிலாந்தில் ஆடத் தொடங்கினார்; அதே ஆண்டு உலகக் கோப்பையிலும் ஆடினார். மகனுக்கு இந்த நோய் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அன்றைக்கே கதவைச் சாத்திவிட மாட்டோம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இந்தப் பதிலை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அவர் நேரடியாக எனக்கு எழுதினால் அவருக்கே பதில் எழுதுவேன். நீங்கள் இந்த வாரம் உங்கள் இ.சி.ஜி.யை எடுத்துவிடுங்கள், அம்மா. எடுத்ததும் வி5, வி6 வரிசைகளை முதலில் பாருங்கள். பிறகு இரண்டு தாள்களையும் ஒரே உறையில் போட்டு மகனின் மருத்துவரிடம் கொடுங்கள்.